ஒண்டியாத்தான் போறா

நகரி,
3 மார்ச் 2025

அண்ணனுக்கு,

தாட்சாயணி எழுதுகிறேன். கவரைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆயிற்றோ என்று பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கெங்கம்மா கோயிலில் உன் எதிரிலேயே கற்பூரத்தை ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, "அந்த ஏரித் தண்ணீல கால் வெக்கிற வரிக்கும் உன்னோட வாய் தொறந்து பேச மாட்டேன்" என்று சத்தியம் செய்தேன் அல்லவா? போனில் பேசினாலும் பேச்சுதான். அதனால் உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் குடும்பம் மொத்தமும் படித்துவிட்டுக் கருத்துச் சொல்லும். தபாலில் எழுதுவதைப் பற்றிக் கெங்கம்மாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அதனால் எழுதுகிறேன்.

கையில் வந்த கொப்புளம் ஆறிவிட்டது. கோபம் ஆறவில்லை. நான் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நகரியில் பிறந்த நாள், மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எது நடந்தாலும் என் கடையில்தான் பேனர் அடிக்கிறார்கள். அப்படியிருக்க, எனக்கு நீ வைத்த பேனரைப் புத்தூரில் போய் அடித்தாய். 'சுவிட்சர்லாந்து செல்லும் எங்கள் வீட்டுச் சிங்கமே' என்று எழுதி, என் ரேஷன் கார்டு போட்டோவைப் பெரிதாக்கி ஒட்டியிருந்தாய். அதில் எனக்கு மூக்கே இல்லை. கீழே வட்ட வட்டமாகப் பதினேழு தலை. நடுவில் உன் தலை, என்னுடையதைவிடப் பெரிதாக. அதுகூடப் பரவாயில்லை. விசா வருவதற்கு முன்பே பஸ் ஸ்டாண்டில் கட்டிவிட்டாய். எருமை வாங்கும் முன்னே நெய் விலை பேசின கதை. ஒரு வாரத்தில் விசா இல்லை என்று கடிதம் வந்தது. பேனர் அதற்குப் பிறகும் பதினோரு நாள் தொங்கியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம், "இன்னாக்கா, இன்னும் போவலியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

நான் மறுபடியும் விண்ணப்பிக்கப் போகிறேன். அதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். விசா மறுத்த கடிதத்தில், பயணத்தைப் பற்றி நான் கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை என்ற கட்டத்தில் டிக் அடித்திருக்கிறார்கள். ரயில், படகு, தங்கும் இடம் என்று ஒவ்வொரு காகிதத்தையும் நான்கு தடவை சரிபார்த்துக் கொடுத்தவள் நான். எதை நம்பவில்லை என்று மண்டை காய்ந்தது. நேற்று மகள் அக்ஷயா பெங்களூரிலிருந்து பேசும்போது, "அவசரத்துக்குக் குடுத்த நம்பருக்கு அவுங்க போன் பண்ணிக் கேப்பாங்கம்மா" என்றாள். நான் கொடுத்திருந்தது உன் நம்பர்.

உனக்குப் போன் வந்ததா? வந்தது என்றால் நீ என்ன சொன்னாய்?

தாட்சாயணி


சித்தூர்,
9 மார்ச் 2025

தங்கை தாட்சாவுக்கு,

உன் அண்ணன் ரமணா எழுதிக்கொள்வது. நான் படித்தது தெலுங்கு மீடியம். தமிழில் கடிதம் எழுதி முப்பது வருஷம் ஆகிறது. தப்பு இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் எனக்குக் கேட்கப் போவதில்லை.

பேனர் வைத்தது குற்றமா? மாம்பழக் கூழ் பேக்டரியில் சூப்பர்வைசராக இருந்துகொண்டு, ஊருக்கெல்லாம் யார் யாருக்கோ பேனர் வைத்தவன் நான். கூடப் பிறந்தவள் கப்பலேறிப் போகிறாள், ஒரு பேனர் வைக்கக் கூடாதா? புத்தூரில் அடித்தது உனக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்றுதான். உன் கடையில் அடித்தால் உனக்கு எப்படி அது ஆச்சரியமாக இருக்கும்? என் தலை பெரிதானது அவன் செய்த வேலை. நான் பெரிதாக வைக்கச் சொல்லவில்லை. சின்னதாக வைக்கவும் சொல்லவில்லை.

எனக்கும் ஒன்று கேட்க வேண்டும். ஏரி பார்க்க அவ்வளவு தூரம் போவானேன்? திருப்பதி பக்கத்தில் கல்யாணி அணை இல்லையா? குளிர்தான் வேண்டுமென்றால் ஹார்ஸ்லி ஹில்ஸ் இல்லையா? சொல்லு, நாளைக்கே வேன் பேசுகிறேன். இருபத்திரண்டு பேர் போகலாம், உனக்கு முன் சீட். இல்லை, அந்த ஊர்தான் வேண்டும் என்றால் துணைக்கு யஸ்வந்தைக் கூட்டிப் போ. என் மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, அவனுக்கு இங்கிலீஷ் வரும். இல்லையென்றால் நான் வருகிறேன். நாற்பத்தெட்டு வயசில், மொழி தெரியாத ஊரில், ஒரு பொம்பிளை ஒண்டியாக என்ன செய்வாள்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

உன் அண்ணி கல்பனா உனக்குக் கொரகொரப்பாக அரைத்த பருப்புப் பொடி கொடுத்தனுப்புகிறாள். அவளோடு நீ பேசலாம் அல்லவா? சத்தியம் என்னோடுதானே?

போன் வந்ததா என்று கேட்டிருந்தாய். எனக்கு ஒரு நாளைக்கு நூறு போன் வருகிறது.

ரமணா


நகரி,
14 மார்ச் 2025

அண்ணனுக்கு,

அந்த நூற்றில் ஒன்றைப் பற்றித்தான் கேட்டேன். அதை விட்டுவிட்டு மற்ற தொண்ணூற்றொன்பதுக்கும் பதில் எழுதியிருக்கிறாய்.

ஏன் அந்த ஏரி என்று கேட்டாய். எட்டு வருஷத்தில் நீ இதைக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால் சொல்கிறேன்.

என் வீட்டுக்காரர் செத்துப்போன அன்று கடை ஆபரேட்டர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார மாட்டேன் என்றான். முதலாளியின் கண்ணீர் அஞ்சலியை எப்படி நான் அடிப்பேன் என்று அழுதான். நீங்கள் எல்லாம் வாசலில் பந்தல் போட்டுக்கொண்டு இருந்தீர்கள். நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். அதற்கு முன் மௌஸைத் தொட்டது கிடையாது. சீனரி என்று ஒரு போல்டர் இருந்தது. பதினாலாம் நம்பர் படத்தைத் திறந்தேன். பச்சையும் நீலமுமாக ஒரு ஏரி, பின்னால் பனி மூடிய மலை, கரையில் படகு விடுகிற ஒரு மரக் கொட்டகை. கொட்டகை இடது பக்கம் இருந்தது. எங்கள் தொழிலில் முகம் வைப்பது இடது பக்கம், எழுத்து வலது பக்கம். அதனால் படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பினேன். கொட்டகை வலது பக்கம் போய் எழுத்துக்குக் கீழே நின்றது. காலியான தண்ணீர் பக்கம் இவரை, சுனிலை, நிறுத்தினேன். பெயரும் தேதியும் அடித்தேன். நான் செய்த முதல் பேனர் அது.

அன்றிலிருந்து ஆயிரத்துக்கு மேல் ஆட்களை அந்த ஏரிக்கரையில் நிறுத்தியிருக்கிறேன். குழந்தை, பெரிய மனுஷியான பெண், கவுன்சிலர், செத்தவர், யாரையும் விடவில்லை. போன வருஷம் அக்ஷயா அந்தப் படத்தைப் போனில் போட்டுத் தேடி, சுவிட்சர்லாந்தில் பிரீன்ஸ் என்கிற ஊர் என்று சொன்னாள். படம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஊர் என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கம் போய்விட்டது. அங்கே எல்லோரையும் நிறுத்திவிட்டேன், நான் நிற்கவில்லை.

ஒண்டியாக ஏன் என்று அடுத்துக் கேட்பாய். எட்டு வருஷமாக என்னை எங்கேயாவது ஒண்டியாக விட்டீர்களா? கல்யாணம், கருமாதி, ஆஸ்பத்திரி, எதற்குப் போனாலும் பக்கத்தில் ஒரு ஆள். போன வருஷம் திருப்பதி பாஸ்போர்ட் ஆபீசுக்கு உனக்குச் சொல்லாமல் பஸ் ஏறினேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, யாருக்கும் தண்ணி பாட்டில் எடுத்துக் கொடுக்காமல், எனக்குப் பசித்தபோது துன்னு, எனக்குப் பிடித்த பக்கம் பார்த்துக்கொண்டு போனேன். இறங்கும்போது அழுகை வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அண்ணா. அதைத்தான் எட்டு நாளைக்கு நீட்டப் பார்க்கிறேன்.

இப்போது சொல். போனில் என்ன சொன்னாய்?

தாட்சாயணி


சித்தூர்,
22 மார்ச் 2025

தாட்சா,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

போன் வந்தது. ஜனவரி கடைசியில். பேக்டரி எதிர் டீக்கடையில் நானும் எடை மேஸ்திரியும் நாலு லாரிக்காரர்களும் உட்கார்ந்திருந்தோம். சென்னையிலிருந்து பேசுகிறோம், விசா விஷயமாக ஒரு சரிபார்ப்பு என்று ஒரு ஆள் தமிழில் மரியாதையாகத்தான் பேசினார். தாட்சாயணி உங்களுக்கு யார் என்று கேட்டார். சொன்னேன். கடை அவளுடையதா என்றார். ஆமாம் என்றேன். அதுவரை எல்லாம் சரியாகத்தான் போனது. அடுத்து, "அவங்க தனியாவா போறாங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சுரீரென்றது. பக்கத்தில் ஐந்து பேர் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். முகம் தெரியாத ஒரு ஆண் என் தங்கச்சி தனியாகப் போகிறாளா என்று கேட்கிறான். என் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "ஒண்டியாவா? எங்க வூட்டுப் பொம்பளைய நாங்க ஒண்டியா அனுப்புவமா சார்? நான் கூடப் போறேன், எம் புள்ள கூட வர்றான், குடும்பமே போய்க்கினு இருக்கோம்." அவர் நன்றி சொல்லி வைத்துவிட்டார். நானும் பெரிதாக ஏதோ சாதித்ததுபோல இன்னொரு டீ சொன்னேன். நல்ல குடும்பம், ஆள் பலம் இருக்கிறது என்று தெரிந்தால் விசா சீக்கிரம் கொடுப்பார்கள் என்றுகூட நினைத்தேன். அந்தத் தைரியத்தில்தான் மறுநாளே புத்தூருக்குப் போய் பேனர் அடித்தேன்.

விசா இல்லை என்று நீ சொன்ன அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், மோட்டார் பம்பை நிறுத்தப் போன இடத்தில், உறைத்தது. ஒண்டியாகப் போகிறேன் என்று நீ எழுதிக் கொடுத்திருக்கிறாய், நான் ஒரு வேன் ஆட்களைச் சேர்த்திருக்கிறேன். அதைச் சொல்லத்தான் கோயிலுக்கு வந்தேன். நீ அதற்குள் பேனருக்காகக் கற்பூரத்தை அடித்துவிட்டாய். பேனருக்கே இவ்வளவு என்றால் இதற்கு என்ன செய்வாளோ என்று வாயை மூடிக்கொண்டேன். அடித்தவள் உண்மையில் எதற்கு அடிக்க வேண்டுமோ அது தெரியாமலே அடித்தாள்.

தப்பு என் மேல்தான். கல்பனாவிடம் சொன்னேன். அவள் மூன்று நாளாக எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் எழுந்து போகிறாள். இந்தத் தடவை அக்ஷயா நம்பரைக் கொடு. என் நம்பர் வேண்டாம். எனக்கே என்னை நம்ப முடியவில்லை.

ரமணா


நகரி,
11 ஏப்ரல் 2025

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்த அன்று, கையில் கிடைத்த மெஷர்மென்ட் டேப்பைச் சுவரில் வீசி அடித்தேன். டேப் உடைந்தது. பத்து நாள் உனக்குப் பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்தக் கடிதத்தை நீ தாங்கியிருக்க மாட்டாய்.

பதினோராம் நாள் திருப்பதிக்குப் போனேன். சாமி கும்பிட அல்ல. பஸ் ஸ்டாண்டு எதிரில் பெரிய ஓட்டலாகப் பார்த்து நுழைந்தேன். வாசலில் நின்ற பையன், "எந்தமந்தி மேடம்?" என்றான். எத்தனை பேர் என்ற அந்தக் கேள்விக்கு என் வாயும் உன் வாய் மாதிரியே கோணியது. "பின்னால வராங்க" என்று சொல்லிவிட்டேன். நாலு பேர் டேபிளில் உட்கார வைத்தான். நாலு டம்ளர் தண்ணி வைத்தான். வராத மூன்று பேருக்காகக் கால் மணி நேரம் காத்திருந்தேன், அண்ணா. யாருக்காகக் காத்திருக்கிறோம் என்று அப்புறம்தான் எனக்குச் சிரிப்பு வந்தது. பையனைக் கூப்பிட்டு, "ஒக்கதான்னே. நான் ஒண்டிதான்" என்றேன். அவன் ஒன்றும் நடக்காததுபோல மூன்று டம்ளரையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். வானம் இடிந்து விழவில்லை. பூரி நன்றாக இருந்தது.

அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கே கால் மணி நேரம் ஆயிற்று. ஐந்து ஆண்கள் நடுவில் உட்கார்ந்திருந்த உனக்கு ஒரு நிமிஷத்தில் எப்படி வரும்? அப்போதுதான் உன் மேல் இருந்த கோபம் பாதி இறங்கியது. மீதி பாதி இன்னும் இருக்கிறது, ஏமாந்துவிடாதே.

நேற்று முன்தினம் சென்னை போய்க் கைரேகை கொடுத்துவிட்டு வந்தேன். ஒண்டியாகத்தான். திட்டத்தை உனக்கும் எழுதுகிறேன், தெரிந்துகொள். ஜூன் நாலாம் தேதி சென்னையில் ஏறுகிறேன். ஜூரிக்கில் இறங்கி ஒரு மணி நேர ரயிலில் லூசர்ன். அங்கே இரண்டு நாள், ஏரியில் படகேறி வெகிஸ் என்ற சின்ன ஊரைப் பார்ப்பேன். ஏழாம் தேதி மலை ரயிலில் பிரீன்ஸ், அங்கே மூன்று நாள். பிறகு ஷ்பீட்ஸ், திராட்சைத் தோட்டமும் கோட்டையும் இருக்கிற இன்னொரு ஏரிக்கரை. பதினாலாம் தேதி நகரியில் ஷட்டரைத் தூக்குவேன். ரயிலுக்கும் படகுக்கும் சேர்த்து ஒரே பாஸ். காலையில் எழுந்து எந்தப் படகு என்று அன்றைக்கு எனக்குத் தோன்றியபடி ஏறிக்கொள்ளலாம்.

அவசரத்துக்கு யார் நம்பர் என்ற இடத்தில் அக்ஷயா நம்பரைப் பாதி எழுதிவிட்டேன். பிறகு அந்தக் காகிதத்தைக் கிழித்துவிட்டு, வேறு காகிதத்தில் உன் நம்பரையே எழுதினேன். முன்பு கொடுத்த நம்பரையே திரும்பக் கொடுத்தால்தான் நாம் மறைக்கவில்லை என்று அவர்களுக்குத் தெரியும் என்பது ஒன்று. இன்னொன்று, நான் அங்கே போய் நின்றாலும், என் அண்ணன் வாயால் அதைச் சொல்லவில்லை என்றால் எனக்குப் பாதிதான் போன மாதிரி இருக்கும்.

இந்தத் தடவையும் இல்லை என்றால் இந்த வருஷம் போக முடியாது. அடுத்த வருஷம் என் முட்டி விடுமோ என்னவோ. போன் வரும். ஒரே ஒரு சொல்தான். சொல்லிவிடு.

தாட்சாயணி


சித்தூர்,
18 ஏப்ரல் 2025

தாட்சா,

சொல்லிவிட்டேன்.

முதலில் அதை எழுதிவிட்டேன், இனிமேல் நிதானமாக எழுதுகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். குளிக்கும்போது கல்பனா கையில் கொடுத்துவிட்டுக் குளித்தேன். வண்டி ஓட்டிக்கொண்டே, ஒண்டியாத்தான், ஒண்டியாத்தான் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். பேக்டரி வாட்ச்மேன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

அது வந்தது நேற்று. எப்போது வந்தது தெரியுமா? துலுக்காணம் பெரியப்பா மகன் வீட்டு நிச்சயதார்த்தத்தில், தட்டு மாற்றுகிற நேரத்தில். கெங்கம்மாவுக்கு என் மேல் என்ன கோபமோ. நம் சொந்தம் அத்தனையும் அங்கே இருக்கிறது. மணியம்மா அத்தை எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கிறாள். சென்னை நம்பர். எழுந்து வெளியே போய்விடலாம் என்று கால் எழுந்தது. போனால் அது ரகசியம் ஆகிவிடும், ரகசியம் ஆனால் மறுபடியும் பொய் வரும் என்று தோன்றியது. உட்கார்ந்தபடியே எடுத்தேன்.

இந்தத் தடவை ஒரு அம்மா பேசினார். போன முறை நீங்கள் குடும்பத்தோடு போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், விண்ணப்பத்தில் வேறு மாதிரி இருக்கிறது, எது சரி என்று கேட்டார். தாம்பூலத் தட்டு என் மடியில் இருந்தது. மேளக்காரன் அந்த நேரம் பார்த்து நிறுத்தினான். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அப்போ நான் சொன்னது பொய்ங்கம்மா. கூச்சத்துல சொல்லிட்டேன். எந் தங்கச்சி ஒண்டியாத்தான் போறா. யாரும் கூடப் போவல. அவளா சம்பாரிச்சு, அவளா பிளான் போட்டு, அவளா போறா. போயிட்டு அவளே திரும்பி வந்து கடையத் தொறப்பா."

அந்த அம்மா சிரித்த மாதிரி இருந்தது. நன்றி சொல்லி வைத்துவிட்டார். நான் தலையைத் தூக்கினால் கூடம் முழுக்க என்னையே பார்க்கிறது. துலுக்காணம் பெரியப்பா, ஏன்டா, பொம்பிளையை ஒண்டியாக அனுப்பிவிட்டு இதைப் பெருமையாக வேறு சொல்லுகிறாயா என்று கேட்டார். ஆமாம் பெரியப்பா, பெருமையாகத்தான் சொல்லுகிறேன், நம் வீட்டில் வேறு யாருக்கு அந்தத் துப்பு இருக்கிறது என்றேன். மணியம்மா அத்தை வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, அங்கே படகுக்கு எவ்வளவு டிக்கெட் என்று மெதுவாகக் கேட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு சோடா குடித்தேன். ஆனால் தாட்சா, வாயிலிருந்து முள்ளை எடுத்த மாதிரி இருக்கிறது. இரவு கல்பனா எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ரமணா


நகரி,
30 ஏப்ரல் 2025

அண்ணா,

விசா வந்துவிட்டது. பாஸ்போர்ட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. போட்டோவில் எனக்கு மூக்கு இருக்கிறது.

கடையில் வேலை செய்கிற பரணி கேக் வாங்கி வந்து வெட்டினாள். மெஷினுக்கும் ஒரு துண்டு ஊட்டினோம். உன் கடிதத்தை, அந்தத் தாம்பூலத் தட்டு இடத்தை, இருபது தடவை படித்திருப்பேன். பேச வேண்டும் போல இருந்தது. போனை எடுத்தும்விட்டேன். ஆனால் சத்தியம் சத்தியம்தான், கெங்கம்மாவை ஏமாற்ற முடியாது. இன்னும் ஐந்து வாரம் பொறு.

ஒரே ஒரு வேண்டுகோள். ஏர்போர்ட்டுக்கு வேன் கட்டிக்கொண்டு வராதே. மாலை வேண்டாம், பேனர் வேண்டவே வேண்டாம். பூசணிக்காயும் வேண்டாம்.

தாட்சாயணி


சித்தூர்,
7 மே 2025

தாட்சா,

வேன் வராது. பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் பரணியிடம் கொடுத்தாயிற்று. அங்கே கெட்டுப் போகாது என்று கல்பனா சொல்லச் சொன்னாள். ஸ்வெட்டரைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொள்.

ரமணா


பிரீன்ஸ்,
8 ஜூன் 2025

அண்ணா,

இந்தக் கடிதம் உனக்குக் கிடைப்பதற்குள் நான் ஊருக்கே வந்துவிடுவேன். இருந்தாலும் எழுதுகிறேன். மூன்று மாதத்தில் உனக்கு எழுதுகிற பழக்கம் வந்துவிட்டது. வாயால் ஐம்பது வருஷம் பேசினாலும் இவ்வளவு பேசியிருக்க மாட்டோம்.

ஏர்போர்ட்டில் மூன்றாம் கேட் தூணுக்குப் பின்னால் நீலச் சட்டையோடு நின்றது நீதான் என்று எனக்குத் தெரியும். வேன் வரவில்லை, ஆள் வந்துவிட்டாய். நீ கிட்டே வராமல் நின்றதைப் பார்த்துத்தான் எனக்குத் தைரியம் வந்தது. தூணைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனேன்.

பொய் சொல்ல மாட்டேன். லூசர்னில் முதல் நாள் தவறான பக்கம் போகிற பஸ்ஸில் ஏறிவிட்டேன். கடைசி நிறுத்தத்தில் இறக்கிவிட்டார்கள். பெயர் தெரியாத இடம். ஒரு மணி நேரம் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நான் எதற்கு வந்தேன் என்று திட்டிக்கொண்டேன். திட்டி முடித்ததும் பசித்தது. பருப்புப் பொடிச் சோற்றை எடுத்துத் துன்னேன். அதே பஸ் திரும்பி வந்தது, அதே டிரைவர் கதவைத் திறந்தார். அதற்குப் பிறகு எனக்குப் பயமே வரவில்லை. தொலைந்தால் பஸ் திரும்பி வரும், அவ்வளவுதானே.

வெகிஸுக்குப் படகில் மேல் தட்டில் போனேன். நேற்று மலை ரயிலில் இங்கே வந்தேன். ஏரியின் நிறத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எட்டு வருஷமாக, இந்த நிறம் எங்கேயும் இருக்காது, எவனோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டான் என்று நினைத்துக் கொஞ்சம் குறைத்தே அடித்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே இந்த நிறம்தான். மலை உச்சியில் பனி அரைக்கிற கல் மாவு தண்ணீரில் கலந்து வருகிறதாம், அதனால் என்று படகுக்காரர் சொன்னார். ஊருக்கு வந்ததும் அந்தப் பைலைத் திருத்த வேண்டும்.

இன்று காலை பதினாலாம் நம்பர் படத்தின் இடத்தைத் தேடிக்கொண்டு கரையோரம் நடந்தேன். மரக் கொட்டகை இருந்தது. மலை இருந்தது. ஆனாலும் அந்த இடம் இல்லை. ஏதோ ஒன்று ஒட்டவில்லை. இரண்டு தடவை தாண்டிப் போய்த் திரும்பி வந்தேன். இவ்வளவு தூரம் வந்து ஏமாந்துவிட்டேனா என்று நினைத்தேன். சரி, வந்ததற்கு ஒரு செல்பியாவது எடுப்போம் என்று ஏரிக்கு முதுகைக் காட்டி நின்று போனைத் தூக்கினேன்.

இருந்தது, அண்ணா. அப்படியே இருந்தது. நான்தானே அந்தப் படத்தை இடம் வலமாகத் திருப்பியவள். நேராகப் பார்த்தால் அது எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? செல்பி எடுக்கும்போது போன் கண்ணாடி மாதிரி மாற்றித்தானே காட்டுகிறது. கொட்டகை வலது பக்கம் வந்துவிட்டது. பனி மலை அதன் இடத்தில். இடது பக்கம், ஆயிரம் பேர் முகத்தை நான் ஒட்டிய அந்தக் காலி இடத்தில், என் முகம். வட்டம் இல்லாமல், தேதி இல்லாமல், உயிரோடு.

சுனில் பக்கத்தில் நிற்கிற மாதிரி இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தேன். அப்படி இல்லை. அங்கே நான் மட்டும்தான் இருந்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவரை அங்கே நிறுத்திய அன்றிலிருந்து இருந்த ஒரு கனம் இறங்கிவிட்டது.

கரையில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி நாயோடு நின்றிருந்தார். நீ தனியாகவா வந்தாய் என்று இங்கிலீஷில் கேட்டார். உன்னை நினைத்துக்கொண்டேன். "எஸ், ஒண்டி" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீரில் இறங்கினேன். ஆழம் தெரிந்துதான் காலை விட்டேன், கணுக்கால் அளவு. எலும்பு வரை குளிர்ந்தது. கெங்கம்மாவுக்கு ஒரு கும்பிடு போட்டேன்.

சத்தியம் முடிந்தது. கடிதத்தை மடித்ததும் உனக்குப் போன் போடப் போகிறேன். யார் பக்கத்தில் இருந்தாலும் எடு.

தாட்சா


சித்தூர்,
12 ஜூன் 2025

தாட்சா,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. பரணியிடம் கொடுத்திருக்கிறேன். நீ ஷட்டரைத் தூக்கும்போது உன் கையில் கொடுப்பாள்.

நீ போன் செய்தபோது பேக்டரி வாசலில் முப்பது லாரி மாங்காயோடு நின்றது. நீதான், "அண்ணா, நான்தான், கால் நனஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாய். எழுதி எழுதி எனக்குப் பேச்சு மறந்துவிட்டதோ என்று நினைத்தேன். போனை வைத்த பிறகு எடை மேஸ்திரி, யார் சார் என்று கேட்டான். சொன்னேன். கூட யார் என்றான். யாரும் இல்லை என்றேன். அன்றைக்கு டீக்கடையில் இருந்த அதே ஆள்தான். அவன் சிரிக்கவில்லை. உங்கள் தங்கச்சிக்கு ஒரு கூடை பழம் எடுத்து வைக்கிறேன் என்றான்.

இனி ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று நீ சொல்லியும் ஒரு பேனர் அடித்துவிட்டேன். பஸ் ஸ்டாண்டில், பழைய இடத்திலேயே. ஆனால் புத்தூரில் அடிக்கவில்லை. உன் கடையில், உன் மெஷினில், நீ பரணிக்கு அனுப்பிய அந்த ஏரிப் படத்தை வைத்து அடித்தேன். எழுத்தும் ஒன்றுமில்லை, 'நகரி தாட்சாயணி' என்று மட்டும்தான்.

எல்லாம் முடித்துவிட்டு பரணி, "அண்ணா, கீழ தலைங்க எத்தினி? உங்க தலைய நடுவுல வெக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"ஒரு தலையும் வேணாம்மா," என்றேன். "அவ ஒண்டியாத்தான் போனா. ஒண்டியாவே நிக்கட்டும்."

ரமணா